இருபத்தாறாம் கேள்வி

எங்கள் ரோபோ குழுவில் எனக்கு வக்கீல் என்று பெயர். கிண்டலுக்கு வைத்ததுதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது. போட்டி நடத்துகிறவர்கள் வருஷா வருஷம் அனுப்பும் நூற்றுப் பதினெட்டுப் பக்க விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவள் குழுவில் நான் ஒருத்திதான். மோட்டார் எத்தனை வைக்கலாம், எந்த பேட்டரி செல்லும், சக்கரம் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் எனக்கு விரல் நுனியில். பிசிக்ஸ் சாரே சில சமயம் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "வக்கீலம்மா, இது செல்லுமா?" என்று என் பக்கம் திரும்புவார். எனக்கு உச்சி குளிர்ந்து போகும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

அந்த வருஷ ஆட்டத்தில் கடைசி முப்பது நொடி ஒரு கூத்து. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கம்பி இருக்கும். ரோபோ அதைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொண்டு தரையில் படாமல் தொங்க வேண்டும். அதற்கான கையைச் செய்கிற வேலை என்னுடையது. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாகத்தை யார் செய்தார்களோ அவர்கள்தான் நடுவர் வரும்போது எழுந்து நின்று அதைப் பற்றிப் பேச வேண்டும். முதல் வருஷம் நான் தரையில் சிந்திய திருகாணி பொறுக்கினேன். இரண்டாம் வருஷம் சக்கரத்துக்கு ரப்பர் ஒட்டினேன். இரண்டு வருஷமும் பின்னால் நின்று, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருஷம், பள்ளியில் எனக்குக் கடைசி வருஷம், என் முறை வந்தது. அலுமினியப் பட்டைகளைக் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, இழுத்தால் நீளுகிற கை ஒன்று வரைந்து, செய்யவும் ஆரம்பித்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சின்னவள் வந்து சேர்ந்தாள்.

சின்னவள் என் சித்தி மகள். என்னைவிட ஒன்றரை வயது இளையவள். சித்திக்கு வேலை எங்கோ மாற்றலாகிவிட, ஒரு வருஷம் பிள்ளை இங்கேயே படிக்கட்டும் என்று எங்கள் வீட்டில் விட்டுப் போனாள். வந்த அன்றே என் அறையில் ஜன்னல் பக்கத்துக் கட்டில் அவளுக்குப் போயிற்று. வந்த பொண்ணு, காற்றாட இருக்கட்டும் என்றாள் அம்மா. நான் மட்டும் என்ன, வராத பெண்ணா? அதோடு விட்டாளா? சின்னவளைப் பார், தட்டைத் தானே கழுவி வைக்கிறாள். சின்னவளைப் பார், எழுப்பாமலே எழுந்துகொள்கிறாள். நாள் முழுக்க சின்னவளைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணே பூத்துப் போயிற்று.

எங்கள் குழு வேலை செய்வது லேப்புக்குப் பின்னால் இருக்கும் பழைய ஸ்டோர் ரூமில். இரண்டு மேஜை, பட்டைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ள ஒரு பட்டறைப் பிடி, உடைந்த நாற்காலிகளை ஒதுக்கி உண்டாக்கிய கொஞ்சம் தரை. சின்னவள் முதலில் அங்கே வந்தது, என்னோடு சேர்ந்து பஸ்ஸுக்குப் போக. வாசலில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதினாள். இரண்டாவது வாரம் ஒயரைப் பிடித்துக் கொடுத்தாள். மூன்றாவது வாரம் ரோபோவை ஓட்டுகிற பையன், எல்லோரும் டிரைவர் என்று கூப்பிடுவோமே அவன், "சின்னவ இன்னைக்கு வரலையா?" என்று என்னிடமே கேட்டான். நான் வந்து அரை மணி நேரமாகியிருந்தது. அதைக் கேட்க நாதியில்லை.

ஒரு நாள் சாருடைய ஸ்டீல் டேப்பை வைத்து அவள் விளையாடிக்கொண்டிருந்தாள். அளக்கிற டேப்தான். டப்பாவிலிருந்து இழுக்க இழுக்க விறைப்பாக மேலே போயிற்று. கதவு நிலைக்கு மேலே எட்டியதும் அவள் என்னவோ யோசித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். மறுநாள் ஒன்றைக் கட்டிக் கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். டேப்பின் நுனியில் ஒரு கொக்கி. கொக்கியில் ஒரு மெல்லிய கயிறு. கயிற்றின் மறுமுனை கீழே மோட்டார் உருளையில் சுற்றியிருந்தது. டேப் நீண்டு போய்க் கொக்கியைக் கம்பியில் மாட்டிவிட்டுச் சுருங்கிக்கொள்ளும். கொக்கி கம்பியிலேயே இருக்கும். மோட்டார் கயிற்றைச் சுற்றச் சுற்ற ரோபோ மேலே ஏறும். சார் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நொடி. என் கத்தரிக் கை அதே உயரத்துக்குப் போகப் பதினோரு நொடி எடுக்கும். எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட அவளுடையது இல்லை.

"சும்மா ட்ரை பண்ணேன்" என்றாள் சின்னவள்.

சும்மாவாம். நான் நாலு மாதம் தூக்கம் கெட்டுச் செய்ததை அவள் சும்மா செய்துவிட்டாள். எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. சார் இரண்டு முறை, மூன்று முறை ஏற்றிப் பார்த்துவிட்டு, தன் சந்தோஷம் அடங்கிய பிறகுதான் நான் அங்கே நிற்பதைப் பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விதி பன்னிரண்டு ஞாபகம் வந்தது.

புத்தகத்தைத் திறக்காமலே சொன்னேன். ஆட்டம் நடக்கும்போது ரோபோ தன் பாகம் எதையும் வேண்டுமென்றே கழற்றி விடக் கூடாது. கொக்கி டேப்பை விட்டுக் கழன்று கம்பியில் தங்குகிறது. ஆகவே இது செல்லாது.

"கழற்றி விடலையேக்கா, கயிறு கட்டியிருக்கே" என்றாள் சின்னவள்.

"டேப்பை விட்டுக் கழலுதா இல்லையா?"

"டேப்பை விட்டுத்தான் கழலுது. ரோபோவை விட்டு இல்லையே. ரோபோவை விட்டுக் கழண்டா அது எப்படி மேல ஏறும்?"

டிரைவர் சிரித்துவிட்டான். எனக்குக் காது சூடாகிவிட்டது. கயிறு அறுந்தால் என்ன ஆகும், கொக்கி கம்பியிலேயே மாட்டிக்கொண்டால் அடுத்த குழுவுக்கு இடைஞ்சல் இல்லையா, பாகம் என்றால் என்ன, கழற்றுவது என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் விடாமல் வாதாடினேன். சின்னவள் ஒவ்வொன்றுக்கும் அதே கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். அந்த விதி எதற்காக என்பது அந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ரோபோ எதையாவது களத்தில் போட்டுவிட்டு ஓடி, அது அடுத்தவன் சக்கரத்தில் சிக்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். அவள் சொல்வது சரி என்று எனக்கு முதல் நிமிஷத்திலேயே தெரியும். தெரிந்துகொண்டேதான் பேசினேன்.

கடைசியில் சார், இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகப் படுகிறது, நாமே அடித்துக்கொள்வதைவிடக் கேட்டுவிடலாம் என்றார். போட்டிக்காரர்கள் ஒரு கேள்வி பதில் பக்கம் வைத்திருக்கிறார்கள். எந்தக் குழுவும் கேட்கலாம். பதில் வந்ததும் கேள்விக்கு ஒரு எண் போட்டு எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிடுவார்கள். அதன் பிறகு அதுவும் விதிதான். கேள்வி அனுப்புகிற பாஸ்வேர்டு குழுவுக்கு ஒருவரிடம்தான் இருக்கும். எங்கள் குழுவில் அது என்னிடம் இருந்தது. வேறு யாரிடம் இருக்கும், வக்கீல் நான்தானே.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து எழுதினேன். முதலில் ஒழுங்காகத்தான் எழுதினேன். டேப், கொக்கி, கயிறு, மோட்டார் எல்லாம் வந்தது. படித்துப் பார்த்தேன். இப்படிக் கேட்டால் தாராளமாகச் செல்லும் என்று பதில் வரும், அது எனக்கே தெரிந்தது. கயிற்றைப் பற்றிய வரியை அழித்தேன். மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: கையின் நுனியில் உள்ள கொக்கி, கம்பியில் மாட்டியதும் கையிலிருந்து கழன்று கம்பியிலேயே தங்கினால், அது விதி பன்னிரண்டை மீறுமா? விரல் நடுங்கிற்று, மனசு உறுத்திற்று என்றெல்லாம் சொன்னால் அது பொய். கேள்வி சுருக்கமாக இருக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது, நான் விதிப்படிதான் நடக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. கேள்வி எண் இருபத்தாறு. ஆம், மீறும். பதிலை மட்டும் பிரின்ட் எடுத்து ஸ்டோர் ரூம் சுவரில் ஒட்டினேன். சார் உச்சுக் கொட்டினார். சின்னவள் கிட்டே போய் இரண்டு முறை படித்தாள். அழுவாள், சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். எனக்கு அது வேண்டியிருந்தது என்றுகூடச் சொல்லலாம். அவள் "சரிக்கா" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கையில் சுற்றி மேஜை டிராயரில் போட்டாள். போகிறபோது விதிப் புத்தகத்தை இரவல் கேட்டாள்.

அதிலிருந்து பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் அதையே படித்தாள். என் கையின் இடத்தைப் பிடுங்க முடியவில்லை, இப்போது என் பட்டத்துக்கு அடி போடுகிறாள் என்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். போதாக்குறைக்கு என் கத்தரிக் கைக்கும் வேலை செய்தாள். பட்டைகளில் வரிசையாக ஓட்டை போட்டால் எடை குறையும் என்று சொல்லி, நான் பதில் சொல்வதற்குள் டிரில்லைக் கையில் எடுத்துவிட்டாள். பதினோரு நொடி ஒன்பதாயிற்று. என் கையை யாரும் அதுவரை ஆஹா ஓஹோ என்று சொன்னதில்லை. அன்று சொன்னார்கள், அவளைப் பார்த்துச் சொன்னார்கள். அந்த ஓட்டைகளை ஈயம் காய்ச்சி அடைத்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

இரண்டு மாதம் கழித்துப் போட்டி. பெரிய உள்ளரங்கம், நாற்பது மேஜை, ஒவ்வொன்றிலும் ஒரு குழு, ஒரு ரோபோ. ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு ரோபோவையும் பரிசோதிப்பார்கள். எங்கள் மேஜைக்கு வந்த பரிசோதகர் ஒரு அம்மாள். மூக்குக் கண்ணாடி, கையில் தாள், கூடவே மரப் பெட்டி. நீளம், அகலம், உயரம் எல்லாம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். பெட்டியை ரோபோவின் மேல் கவிழ்ப்பார்கள். அதற்குள் அடங்கினால்தான் களத்துக்குப் போகலாம்.

எங்கள் ரோபோ அடங்கியது. ஆனால் அந்த அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு டார்ச் அடித்தார். கரன்ட் இல்லாதபோது என் கத்தரிக் கை ஒரு விரல் அளவு தொய்ந்து, பெட்டியின் சுவரில் சாய்ந்துகொண்டிருந்தது. கரன்ட் கொடுத்தால் மோட்டார் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அப்போது சாயாது. பெட்டி தாங்கி நிற்பது செல்லாது, தானாக அந்த அளவுக்குள் நிற்க வேண்டும் என்றார் அவர். விதி நான்கு. எனக்கு வரி வரியாகத் தெரியும். அவர் சொல்வது அதில் அப்படியே இருக்கிறது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வக்கீல் பேசு என்றான் டிரைவர். புத்தகத்தில் எங்களுக்குச் சாதகமாக ஒரு வார்த்தை கிடையாது. மூன்று வருஷம் காத்திருந்தது இந்த மரப் பெட்டியோடு முடிகிறது என்று நினைத்தேன்.

"மேடம், நாப்பத்தொண்ணாவது கேள்வியைப் பாருங்க" என்றாள் சின்னவள். "மோட்டார் பிடிச்சு நிறுத்தினாலும் செல்லும்னு பதில் குடுத்திருக்கீங்க. கரன்ட் போட்டதும் அசையும்னு ஒரு எச்சரிக்கை ஒட்டினா போதும்னு இருக்கு."

அந்த அம்மாள் போனை எடுத்துத் தேடினார். படித்தார். மறுபடி படித்தார். பிறகு, சரிதான், எழுதி ஒட்டுங்கள் என்று தாளில் டிக் போட்டார். டிரைவர் வெள்ளைக் காகிதத்தில் எழுதி ஒட்டினான். ஒட்டிக்கொண்டே, இனிமேல் சின்னவள்தான் வக்கீல் என்றான். சார் சிரித்தார். என் கை பிழைத்ததே என்று நான் சந்தோஷப்பட வேண்டாமா? எனக்கு முதலில் வந்தது எரிச்சல். அந்த ஒரு பெயர்தான் எனக்கென்று இருந்தது.

எரிச்சல் அடங்குவதற்குள் இன்னொன்று உறைத்தது. நாற்பத்தொன்று எனக்கு ஏன் தெரியவில்லை? இருபத்தாறுக்குப் பதில் வந்த பிறகு நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. திறந்தால் என் கேள்வி கண்ணில் படும். அவள் திறந்திருக்கிறாள். நாற்பத்தொன்றுக்குப் போகிறவள் இருபத்தாறைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

மற்றவர்கள் ரோபோவை எடுத்து வைக்கும்போது அவள் பக்கத்தில் போய், அதை எப்போது படித்தாய் என்று கேட்டேன். எதை என்று அவள் கேட்கவில்லை.

"நீ சுவத்துல ஒட்டின அன்னைக்கே" என்றாள். "பதில் மட்டும் ஒட்டியிருந்தியே, கேள்வி எங்கன்னு பாத்தேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். தெனமும் பஸ்ல உன் பக்கத்துல உக்காரும்போது, இன்னைக்குச் சொல்லுவா, இன்னைக்குச் சொல்லுவான்னு உக்காருவேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்குவே."

இப்போது எதற்காக என் கையைக் காப்பாற்றினாய் என்று கேட்டேன். "உனக்காக ஒண்ணும் இல்ல" என்றாள். "எல்லாரும் ரெண்டு மாசமா வேலை செஞ்சிருக்காங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்துக்கு நடுவிலும் பொறாமை போகவில்லை. இப்படி ஒன்றை மனசுக்குள் வைத்துக்கொண்டு என் பட்டைகளுக்கு ஓட்டை போட அவளால் முடிந்திருக்கிறது. நானாக இருந்தால் அன்று மாலையே ஊரைக் கூட்டியிருப்பேன்.

அரை மணியில் நடுவர் வந்தார். நடுத்தர வயது, மடக்கு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகப் போய் உட்கார்ந்து எழுதுகிறவர். தொங்குகிற கையை யார் செய்தது என்று கேட்டார். சார் என்னைக் காட்டினார். எழுந்து நின்றேன். மாதக் கணக்காகக் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தது ஒரு சொல் பிசகாமல் வந்தது. பட்டை எத்தனை, ஏன் அலுமினியம், எத்தனை நொடி, எல்லாம் சொன்னேன். ஓட்டைகளைப் பற்றியும் சொன்னேன், யார் போட்டது என்று சொல்லவில்லை. நன்றாகப் பேசுகிறாய் என்றார். எழுதிக்கொண்டார்.

பிறகு, எல்லாக் குழுவிடமும் கேட்கிற ஒன்றைக் கேட்டார். வேறு டிசைன் எதுவும் யோசித்தீர்களா?

இதற்கும் எனக்குத் தயாராகப் பதில் இருந்தது. யோசித்தோம், விதி பன்னிரண்டுக்கு ஒத்து வரவில்லை, விட்டுவிட்டோம். கேள்வி எண்ணைக்கூடச் சேர்த்துச் சொல்வதாக இருந்தேன். வாயைத் திறந்தேன். பின்னால் சின்னவள் மேஜையில் திருகாணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது.

"யோசிச்சோம் சார்" என்றேன். "இதைவிட நல்லது ஒண்ணு இருந்தது. நாலு நொடியில ஏறும். என் தங்கச்சி செஞ்சது."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"எனக்குப் பொறாமை சார். அது செல்லாதுன்னு பதில் வர்ற மாதிரி நான்தான் கேள்வியை எழுதினேன்."

நடுவர் பேனாவை வைத்துக்கொண்டு தாளை மேலும் கீழும் பார்த்தார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. டிரைவர் ரோபோவின் மேல் வைத்திருந்த தன் கையை எடுத்துவிட்டான். சார் என் பெயரைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டார்.

"அதுல கயிறு இருந்துச்சு சார்" என்றாள் சின்னவள். இரண்டு மாதமாக ஒரு தடவைகூட உடையாத குரல் அப்போது உடைந்தது. "கொக்கி கழண்டாலும் கயிறு ரோபோவோடதான் இருந்துச்சு. அது விதிப்படி சரிதான் சார்."

"எப்படிம்மா? கொஞ்சம் விளக்கமாச் சொல்லு" என்று நடுவர் புதுத் தாளை எடுத்துக்கொண்டு, மடக்கு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜையின் மேலேயே விரலால் வரைந்து காட்ட ஆரம்பித்தாள். என்னிடம் பேசும்போது ஒரு தடவைகூட அவர் அப்படி முன்னால் குனிந்து கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன், நகர்ந்து வழி விட்டேன்.